அயோடின் மருந்தின் கதிர் 16 நாளில் தீருமா, 21 நாளிலா, 80 நாளிலா?

கேள்வி: கோத்தகிரிக் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. கோத்தகிரியை அடுத்த எங்கள் சிற்றூரில் எங்களோடுதான் இருக்கிறார். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதால் இரண்டு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வந்தார். நிறுத்தும்போதெல்லாம் படபடப்பும் கைநடுக்கமும் திரும்பி வந்தபடியால், கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் கதிரியக்க அயோடின் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். சென்ற திங்கட்கிழமை 10 மில்லிகியூரி அளவுள்ள ஒரே ஒரு மாத்திரையை விழுங்கச் செய்து, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேருந்தில் அம்மாவின் பக்கத்தில் கைக்குழந்தையோடு யாரேனும் அமர்ந்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் வாடகை வண்டி பிடித்து, அவரைப் பின்னிருக்கையின் மறுகோடியில் அமர்த்தி, மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினோம்.

மருத்துவமனை தந்த தாளில், இரண்டு வாரம் தனி அறையில் உறங்க வேண்டும், மூன்று வாரம் சிறு குழந்தைகளைத் தூக்கவோ மடியில் வைத்துக்கொள்ளவோ கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், கழிவறையில் ஒவ்வொரு முறையும் இருமடங்கு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. என் மகளுக்கு மூன்று வயது. பிறந்ததிலிருந்து பாட்டியின் கம்பளிக்குள்தான் உறங்கியிருக்கிறாள். இப்போது மாடி அறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "பாட்டி என்மேல் கோபமா?" என்று கேட்கிறாள்.

என் ஐயம் இதுதான். இந்த அயோடினின் அரை ஆயுட்காலம் எட்டு நாள் என்று மருத்துவர் சொன்னார். எட்டு நாளில் பாதி தீர்ந்தால் அடுத்த எட்டு நாளில் மறுபாதியும் தீர வேண்டும். ஆகவே 16 நாள் என்று நான் கணக்கிட்டேன். மருத்துவமனையின் தாளோ 21 நாள் என்கிறது. வேதியியல் படித்த என் பெரியப்பா மகன், 80 நாள் வரை குழந்தையை அருகில் விடவே கூடாது என்று தொலைபேசியில் உறுதியாகச் சொல்கிறார். மூன்று எண்களில் எது சரி? நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக வேலை செய்கிறேன். வழியைக் காட்டினால் கணக்கை நானே போட்டுக்கொள்வேன். அதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.


பதில் 1: குன்னூர் ஆசிரியர்

அன்பு மகளுக்கு, நான் மேல்நிலைப் பள்ளியில் 30 ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். 16 நாள் என்ற விடையை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் பாதிப்பேராவது எழுதுவார்கள். ஆகவே, அது எங்கே வழி மாறுகிறது என்பதை மட்டும் பொறுமையாகச் சொல்கிறேன்.

அரை ஆயுட்காலம் என்பது தொடக்கத்தில் இருந்ததில் பாதி தீர ஆகும் காலம் என்று மனத்தில் பதிந்துவிடுவதுதான் சிக்கல். எந்தக் கணத்திலிருந்து எண்ணத் தொடங்கினாலும், அந்தக் கணத்தில் இருப்பதில் பாதி தீர ஆகும் காலம் அது. முதல் எட்டு நாளில் 10 என்பது 5 ஆகும். ஒன்பதாம் நாள் காலையில் அந்த அயோடினைப் பொறுத்தவரை 5-தான் தொடக்கம். எனவே அடுத்த எட்டு நாளில் அதில் பாதியான இரண்டரை தீரும், இரண்டரை எஞ்சும். பதினாறாம் நாள் கால் பங்கும், இருபத்து நான்காம் நாள் அரைக்கால் பங்கும் இருக்கும். இடைப்பட்ட நாள்களுக்கு, கழிந்த நாள்களை எட்டால் வகுத்து, வரும் எண்ணை அடுக்காக வைத்து, அரை என்பதை அந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டும். கைப்பேசியிலுள்ள கணிப்பானே இதைச் செய்துவிடும். 21 நாளுக்கு அடுக்கு 2.625, எஞ்சும் பங்கு ஏறத்தாழ 16 விழுக்காடு.

இப்படி ஏன் நடக்கிறது என்பதைக் காட்ட வகுப்பில் புளியங்கொட்டை வைத்திருந்தேன். தாயம் ஆடுவதற்குச் செய்வதுபோல் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிய 128 கொட்டைகள். ஒரு மாணவி அவற்றை முறத்தில் குலுக்கித் தரையில் கொட்டுவாள். வெள்ளைப் பக்கம் மேலே விழுந்தவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு, எஞ்சியவற்றை மறுபடியும் குலுக்க வேண்டும். ஒருமுறை கரும்பலகையில் எழுதிய எண்கள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன: 128, 66, 31, 17, 7, 4, 1, 1, அதன்பின் எதுவும் இல்லை. கடைசிக் கொட்டை ஒரு சுற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடித்தபோது வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. ஆறு முறை தப்பித்த களைப்பு அந்தக் கொட்டைக்குக் கிடையாது. ஏழாவது முறையும் அதன் வாய்ப்பு முதல் முறையில் இருந்த அதே வாய்ப்புதான். அணுவும் அப்படித்தான். அதற்கு முதுமை இல்லை. நேற்று உருவான அயோடின்-131 அணுவும், ஒரு மாதம் சிதையாமல் இருந்த அணுவும் அடுத்த நொடியில் சிதைவதற்கான வாய்ப்பில் இம்மியும் வேறுபடுவதில்லை. இடையில் ஒன்று சொல்ல வேண்டும்: தேய்த்த புளியங்கொட்டை சரிபாதியாக விழும் என்பதற்கு உறுதி இல்லை. நூற்றுக்கு 40 விழுந்தாலும் கேடில்லை, ஒவ்வொரு சுற்றிலும் அதே விகிதம் நீங்கினால் போதும்; பாதியாக ஆகும் சுற்றுகளின் எண்ணிக்கைதான் ஒன்றிலிருந்து ஒன்றேகாலுக்குச் சற்று மேலாக மாறும்.

உங்கள் அம்மாவின் மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். 10 மில்லிகியூரி என்றால் நொடிக்கு 37 கோடி அணுக்கள் சிதைகின்றன என்று பொருள். அயோடின்-131 அணு ஒன்று ஒரு நொடியில் சிதையும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்று. ஆகவே மாத்திரையில் இருந்த அணுக்கள் 37 கோடியின் பத்து லட்சம் மடங்கு, அதாவது 370 லட்சம் கோடி. எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அவற்றின் மொத்த எடை ஒரு மைக்ரோகிராமில் பன்னிரண்டில் ஒரு பங்குதான், கண்ணுக்கே தெரியாது. அது முற்றிலும் தீரவே தீராது என்று சிலர் சொல்வதும் சரியன்று. அணுக்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. 370 லட்சம் கோடியை மீண்டும் மீண்டும் பாதியாக்கினால் 48 முறைக்குப் பின் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடுகிறது. சராசரியாக ஓர் அணுவே எஞ்சும் நாள் 387-ஆம் நாள், அதாவது 13 மாதத்துக்குச் சற்றுக் குறைவு.

ஆகவே 16 நாள் என்பது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் 21-ஆம் நாளில் 16 விழுக்காடு எஞ்சியிருக்கும்போது குழந்தையைத் தூக்கலாம் என்று மருத்துவமனை எந்த அடிப்படையில் சொல்கிறது என்பதை அத்துறையில் இருப்பவர்தான் விளக்க வேண்டும்.


பதில் 2: அணு மருத்துவத் தொழில்நுட்பர்

சொந்த ஊர் கூடலூர்; வேலை சமவெளியில், ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில். ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தில் பிழை இல்லை. ஆனால் அவர் சொன்ன எட்டு நாள் குப்பியில் இருக்கும் அயோடினுக்கு உரியது. உடம்புக்குள் போன அயோடினுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது.

குப்பியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அரை ஆயுட்காலத்தை நான் தினமும் பயன்படுத்துவது அங்கேதான். மருந்தோடு வரும் தாளில் எந்த நாள், எந்த நேரத்தில் எவ்வளவு இருந்தது என்று குறித்திருப்பார்கள். திங்கட்கிழமை ஒருவருக்கு 10 மில்லிகியூரி கொடுக்க வேண்டுமானால், மூன்று நாள் முன்பு அது 13 ஆக இருந்திருக்க வேண்டும். மூன்று நாளில் 13 என்பது சரியாக 10-க்கு வந்து நிற்கும். நோயாளி வராமல் இரண்டு நாள் தள்ளிப்போனால் அது எட்டரைக்கும் கீழே இறங்கிவிடும். கணக்கோடு விட்டுவிடாமல், கொடுப்பதற்கு முன் அளவுமானியில் வைத்தும் பார்ப்போம். எலும்பு, இதயப் படங்களுக்கு நாங்கள் பயன்படுத்தும் டெக்னீசியம்-99எம் இன்னும் விரைவானது, அரை ஆயுட்காலம் ஆறு மணி நேரம். அதை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. 66 மணி நேர அரை ஆயுட்காலம் கொண்ட மாலிப்டினம்-99 அடங்கிய பெட்டியிலிருந்து காலைதோறும் உப்பு நீரைச் செலுத்தி வடித்தெடுக்கிறோம். மாடு கறப்பது என்றுதான் எங்கள் பிரிவில் சொல்வோம். ஒரு முறை கறந்தால் அடுத்த நாள் காலைக்குள் மறுபடியும் சுரந்துவிடும்; வாரம் முடியும்போது மாடே வற்றிவிடும்.

இனி உங்கள் அம்மாவின் கணக்கு. விழுங்கிய அயோடின் முழுவதையும் தைராய்டு பிடித்துக்கொள்வதில்லை. அளவுக்கு மீறி வேலை செய்யும் சுரப்பி எடுத்துக்காட்டாக 60 விழுக்காட்டைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 40 விழுக்காட்டில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாளிலேயே சிறுநீரில் வெளியேறிவிடும். தண்ணீர் நிறையக் குடிக்கவும் கழிவறையில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றவும் சொல்வது இதற்காகத்தான். சுரப்பி பிடித்ததும் அப்படியே தங்குவதில்லை. அதை ஹார்மோனாக மாற்றி இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இப்படி உடம்பு தானாக வெளியேற்றிப் பாதியாக்க ஆகும் காலத்தை உயிரியல் அரை ஆயுட்காலம் என்கிறோம். நலமான தைராய்டில் இது ஏறத்தாழ 80 நாள். மிகையாகச் சுரக்கும் தைராய்டில் இது வெகுவாகக் குறையும். ஆளுக்கு ஆள் மாறுபடும். கணக்குக்காக 18 நாள் என்று கொள்வோம்.

இரண்டு வாசலிலும் ஒரே நேரத்தில் ஆள்கள் வெளியேறினால் கூடம் விரைவில் காலியாவதுபோல், சிதைவும் வெளியேற்றமும் சேர்ந்து நடக்கின்றன. இரண்டு காலங்களைக் கூட்டக் கூடாது, சராசரி எடுக்கவும் கூடாது. இரண்டையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். எட்டையும் 18-ஐயும் பெருக்கினால் 144, கூட்டினால் 26, வகுத்தால் ஐந்தரை நாள். இதைப் பயனுறு அரை ஆயுட்காலம் என்பார்கள். எப்போதும் அது இரண்டில் சிறியதைவிடவும் சிறியதாகத்தான் இருக்கும். அவ்வாறு வராவிட்டால் கணக்கில் எங்கோ தவறு இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

இப்போது 21-ஆம் நாளைப் பாருங்கள். 21-ஐ ஐந்தரையால் வகுத்து அடுக்காக வைத்தால் 7 விழுக்காடு. சுரப்பி பிடித்தது 60 விழுக்காடு மட்டுமே என்பதால், விழுங்கியதில் எஞ்சியிருப்பது நூற்றுக்கு 4 பங்கு. ஆசிரியர் ஐயா சொன்ன 16, உடம்புக்குள் 4 ஆகிவிடுகிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. இன்று எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதோடு, இன்று முதல் குழந்தைக்கு மொத்தமாக எவ்வளவு கதிர் சேரும் என்பதையும் நாங்கள் பார்க்கிறோம். இந்த வகைத் தேய்வில் இரண்டுக்கும் விகிதம் ஒன்றே. 21-ஆம் நாளுக்குப் பின் அந்தச் சுரப்பியிலிருந்து என்றென்றைக்குமாக வரப்போகும் கதிர் முழுவதையும் கூட்டினாலும், அது முதல் நாள் முதல் அங்கிருந்து வரும் மொத்தத்தில் 7 விழுக்காடுதான்.

80 நாள் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். பயன்படுத்திய ஊசி, பஞ்சு, குப்பி ஆகியவற்றைப் பத்து அரை ஆயுட்காலம் பூட்டி வைத்து, அளந்து பார்த்துவிட்டுத்தான் வெளியேற்றுவது எங்கள் துறையின் வழக்கம். பத்து முறை பாதியானால் 1024-இல் ஒரு பங்கு எஞ்சும். எட்டைப் பத்தால் பெருக்கி உங்கள் அண்ணன் 80 என்கிறார். அது கழிவுப் பொருளுக்கான வழக்கம். அதைத் தாய்க்குப் பொருத்தக் கூடாது.

கடைசியாகத் தொலைவு. அயோடின்-131 வெளிவிடும் பீட்டாத் துகள்கள் திசுவில் பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை. சிகிச்சை அவற்றால்தான் நடக்கிறது. உடம்பைக் கடந்து வெளியே வருவது காமாக் கதிர். அது தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. அரை மீட்டரில் இருக்கும் குழந்தை இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் அதன்மேல் படுவது பதினாறில் ஒரு பங்கு. பதினாறில் ஒரு பங்கு என்பது நான்கு முறை பாதியாவது. ஐந்தரை நாளின்படி 22 நாள் காத்திருப்பதற்குச் சமம். சகோதரி, உங்கள் மகள் மூடிய கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை. தாளில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, பாட்டி முற்றத்தின் ஒரு கோடியிலும் பேத்தி மறு கோடியிலும் இருந்து நாளுக்குச் சிறிது நேரம் முகம் பார்த்துப் பேசலாமா என்று உங்கள் மருத்துவமனையைத் தொலைபேசியில் கேளுங்கள். நான் எடுத்துக்கொண்ட 60-உம் 18-உம் வழியைக் காட்டுவதற்காக மட்டுமே. உங்கள் அம்மாவின் அளவுகளை அறிந்தவர்கள் எழுதிக் கொடுத்த 21 நாளைக் குறைக்க வேண்டாம்.


பதில் 3: உதகை வாசகர்

இதோடு தொடர்புடைய ஓர் ஐயம். சமவெளியில் ஓர் இரவில் பொங்கும் இட்லி மாவு, உறைபனி விழும் மார்கழியில் எங்கள் வீட்டில் இரண்டு நாளானாலும் பொங்குவதில்லை. இந்தக் குளிரில் கதிரியக்கமும் மெதுவாகத்தான் தேயுமா? எட்டு நாள் என்பது சமவெளிக்கு மட்டும் உரிய எண்ணா?


பதில் 4: குன்னூர் ஆசிரியர்

இல்லை. மாவு புளிப்பது நுண்ணுயிர்களின் வேலை, அது வேதிவினை. வேதிவினையில் அணுக்களின் வெளிப்புற எலக்ட்ரான்கள்தான் இடம் மாறுகின்றன. குளிரும் சூடும் அவற்றைத் தொடும். கதிரியக்கச் சிதைவு அணுக்கருவுக்குள் நடப்பது. அங்கே அயோடின் அணு செனான் அணுவாகவே மாறுகிறது. உதகையின் உறைபனியோ அடுப்பின் தணலோ அணுக்கருவை எட்டுவதில்லை. கொதிக்க வைத்தாலும், எலுமிச்சைச் சாற்றில் கலந்தாலும், வேப்பிலையோடு சேர்த்து வைத்தாலும் எட்டு நாள் எட்டு நாள்தான். அயோடின் மருந்து வாங்கியவருக்கு "கதிரை முறிக்க" என்று சொல்லிக் கஷாயம் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கைவிட வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

தொழில்நுட்பர் அம்மையாருக்கு என் நன்றி. 21-ஆம் நாள் 16 விழுக்காடு உடம்பில் இருக்கும் என்ற பொருள்பட நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.


பதில் 5: சதுப்பு நில மாணவர்

ஆசிரியர் ஐயா குளிரைப் பற்றிச் சொன்னதற்குச் சான்று நீலகிரியின் மண்ணிலேயே இருக்கிறது. நான் மலையுச்சிச் சதுப்புகளைப் பற்றிப் படித்துவருகிறேன். புல்வெளிகளுக்கு நடுவே பள்ளங்களில் நீர் தேங்கும் இடங்களில், செத்த புல்லும் செடியும் முழுதாக மக்காமல் கறுப்பு மண்ணாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. குளிரும் ஈரமும் மக்குவதை மெதுவாக்கிவிட்டன. ஆனால் அந்தப் புல்லுக்குள் இருக்கும் கார்பன்-14 மட்டும் தன் வேகத்தில் சிதைந்துகொண்டே வந்திருக்கிறது. மக்குவது நின்றும் கடிகாரம் நிற்காததால்தான் அந்த மண்ணின் வயதை நம்மால் படிக்க முடிகிறது.

கேட்டவரின் கணக்கில் தொடக்க அளவும் கழிந்த நாளும் தெரியும், எஞ்சுவது தெரியாது. எங்கள் கணக்கில் எஞ்சியது தெரியும், காலம் தெரியாது. அதே சமன்பாட்டைத் திருப்பிப் போட்டு, மடக்கை எடுத்தால் வயது கிடைத்துவிடும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றின் நைட்ரஜனைத் தாக்குவதால் கார்பன்-14 உருவாகிறது. (அந்தக் கதிர்களையே ஆராயும் கூடம் ஒன்று உதகையில் இருக்கிறது.) உயிரோடு இருக்கும்வரை செடி அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும், செத்த நாள் முதல் வரவு நின்று செலவு மட்டும் நடக்கும். அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டு. ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலியோர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் நீலகிரிச் சதுப்பு மண் 20,000 ஆண்டு வரை பின்னோக்கிச் சென்றது. அத்தனை காலத்தில் கார்பன்-14 மூன்றரை முறை பாதியாகி, நூற்றுக்கு 9 பங்குதான் எஞ்சியிருக்கும். அந்த அடுக்குகளில் புல்லின் கார்பனையும் மரத்தின் கார்பனையும் வேறுபடுத்திப் பார்த்து, பனியுகத்தின் உச்சத்தில் இங்கே வறட்சி மிகுந்து புல்வெளி ஓங்கியிருந்தது என்று கண்டார்கள். சோலைகளை வெட்டியதால்தான் நீலகிரியில் புல்வெளி வந்தது என்று பேசுபவர்களுக்கு இதைவிட நேரான விடை வேண்டியதில்லை என்பது என் கருத்து. புல்வெளியைத் தரிசு என்று எண்ணி அந்நிய மரங்களை நட்டு மூடியதன் இழப்பு, சதுப்புக்குச் சதுப்பு நடந்து பார்க்கும் எங்களுக்குத் தெரிகிறது.

பழனி மலையடிவாரத்துப் பொருந்தலிலும் இதே கணக்குத்தான். பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில் ஜாடிக்குள் இருந்த நெல்லின் காலம் பொ.ஆ.மு. 490 என்று கணிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,500 ஆண்டு என்பது அரை ஆயுட்காலத்தில் பாதிகூட இல்லை; அந்த நெல்லின் கார்பன்-14 இன்னமும் நூற்றுக்கு 74 பங்கு இருக்கிறது. ஆகவே நெல்லில் கணக்கு எளிது. 50,000 ஆண்டை நெருங்கும்போது ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டரைப் பங்குதான் எஞ்சும். பின்னாளில் கலந்த ஒரு வேர்த் துணுக்கே வயதைப் புரட்டிப் போட்டுவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: காற்றிலுள்ள கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. ஆகவே சமன்பாடு தரும் ஆண்டை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மரங்களின் ஆண்டு வளையங்களை அளந்து அமைத்த வளைகோட்டோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். அரை ஆயுட்காலம் மாறுவதில்லை. தொடக்க அளவுதான் மாறும். மருந்துக் குப்பியோடு வரும் தாள் போன்ற ஒன்று எங்களுக்குக் கிடைப்பதில்லை.


பதில் 6: கோத்தகிரிக் கணக்கர்

எல்லோருக்கும் என் உளமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயாவின் புளியங்கொட்டையைப் படித்ததும் என் தவறு எங்கே என்று விளங்கிவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுவதில் இரண்டு முறை உண்டு. ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிப்பது நேர்கோட்டு முறை. ஆண்டுத் தொடக்கத்தில் எஞ்சியுள்ள மதிப்பில் ஒரே விழுக்காட்டைக் கழிப்பது குறைந்து செல் மதிப்பு முறை. அயோடினுக்கு நான் நேர்கோட்டு முறையில் கணக்கிட்டிருக்கிறேன். பத்து ஆண்டாக இரண்டாவது முறையில் பேரேடு எழுதிக்கொண்டிருப்பவளுக்கு இது தோன்றவில்லையே என்று வருந்தினேன்.

மருத்துவமனையைத் தொலைபேசியில் கேட்டேன். முற்றத்தில் இரண்டு மீட்டருக்குக் குறையாத இடைவெளியில் அரை மணி நேரம் இருக்கலாம், தொடக் கூடாது என்றார்கள். முற்றத்தில் அளவுநாடாவைப் பிடித்து மூன்று மீட்டரில் கோலமாவால் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு அந்தப்பக்கம் பாட்டி, இந்தப்பக்கம் பேத்தி. நேற்று மாலை மூடுபனி இறங்கும்வரை அம்மா அங்கிருந்தபடியே அவளுக்குக் கதை சொன்னார். கோட்டைத் தாண்டக் கூடாது என்பதை அவள் ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

இன்று ஒன்பதாம் நாள். 9-ஐ ஐந்தரையால் வகுத்து, அரையை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 0.32 வருகிறது. அப்படியானால் அம்மாவிடம் இப்போது எஞ்சியிருப்பது 3.2 மில்லிகியூரி. நான் போட்டது சரியா?


பதில் 7: அணு மருத்துவத் தொழில்நுட்பர்

அடுக்கு சரி, தொடக்கம் சரியில்லை. ஐந்தரை நாள் என்பது சுரப்பிக்குள் தங்கியதற்கு மட்டும் உரியது. சிறுநீரில் போன 4-ஐ முதலில் நீக்கிவிட்டு, எஞ்சிய 6-ஐ 0.32 ஆல் பெருக்குங்கள், ஏறத்தாழ 1.9 மில்லிகியூரி. உங்கள் பேரேட்டில் சொல்வதானால், முதல் வாரமே விற்றுவிட்ட இயந்திரத்துக்கு ஒன்பது நாள் தேய்மானம் போட்டிருக்கிறீர்கள்.

இன்னும் ஒன்று. கதிர் தீர்வதற்கும் நோய் தீர்வதற்கும் நாள் வேறு. கதிர் பட்ட தைராய்டு உயிரணுக்கள் உடனே சாவதில்லை. பல வாரங்களில், சிலருக்கு மாதங்களில்தான் சுரப்பு அடங்கும். அம்மாவின் படபடப்பு 21-ஆம் நாளிலும் இருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ண வேண்டாம். எழுதிக் கொடுத்த நாளில் இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் அழைத்து வாருங்கள். சுரப்பு அடங்கியபின் தேவைக்கும் கீழே இறங்கிவிடுவதும் பலருக்கு நேர்வதுதான். அப்போது உடல் சோர்வும், வழக்கத்தைவிட மிகுதியான குளிரும் தோன்றும். மலையில் இருப்பவர்கள் அதைப் பருவத்தின் குளிர் என்று எண்ணி இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்துவிடுவார்கள். நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். அது நாள்தோறும் ஒரு தைராக்சின் மாத்திரையால் சரிசெய்யக்கூடியது.


பதில் 8: கோத்தகிரிக் கணக்கர்

1.9 என்று நாட்காட்டியில் திருத்தி எழுதிவிட்டேன். இரத்தப் பரிசோதனை ஆறாம் வாரத்தில் என்று தாளில் இருக்கிறது. அந்த நாளையும் வட்டமிட்டிருக்கிறேன். 80 நாள் என்ற அண்ணனுக்கு இந்த விளக்கங்களை இன்றிரவே படித்துக் காட்டப் போகிறேன். கோலக்கோடு 21-ஆம் நாள் இரவு வரை முற்றத்தில் இருக்கும்.